ஒழிந்தோர் வாழ்வு: புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களில் துணையும் இழப்பும்

முன்னுரை

துணையை இழந்து தனித்து நின்றவரின் குரலைப் பழந்தமிழ் இலக்கணம் கையறுநிலை என்னும் துறையாக வகுத்துள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியல் இத்துறையைக் காஞ்சித்திணையில் வைத்து, மாண்டவரைக் குறித்து ஒழிந்தவர் புலம்புவது என விளக்குகின்றது. புறநானூற்றுத் துறைக்குறிப்புகளோ இதனைப் பொதுவியல் திணைக்கு உரியதாக்குகின்றன. திணை வேறுபட்டாலும் துறையின் அமைப்பு வேறுபடவில்லை. பாடப்படுபவர் மாண்டவர்; பாடுபவர் எஞ்சியவர். எனவே கையறுநிலை சாவைப் பற்றிய துறை எனப்படும் அளவிற்கு, சாவுக்குப் பின்னும் உயிரோடிருப்பதைப் பற்றிய துறையும் ஆகும்.

உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்த பின்னர், இப்பாடல்கள் பெரும்பாலும் மன்னர் வரலாறு, புலவர் புரவலர் உறவு, நடுகல் வழிபாடு, வடக்கிருத்தல் ஆகியவற்றிற்கான சான்றுகளாகவே பயன்பட்டு வந்துள்ளன. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்வு, இவற்றை வீரயுகப் பாடல் மரபில் பொருத்திக் காட்டியது. இவற்றோடு, தலைவனுடன் உயிர் நீத்தாரை உயர்த்திப் போற்றும் நோக்கும் உரை மரபில் வேரூன்றியுள்ளது. நட்பிற்கு எடுத்துக்காட்டாகப் பிசிராந்தையார் நினைக்கப்படும் அளவிற்குப் பொத்தியார் நினைக்கப்படுவதில்லை. முன்னவர் உடன் மாண்டார். பின்னவர் ஏவலை ஏற்றுத் திரும்பினார் என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் எனலாம்.

உடன் மாள்வதைக் காட்டிலும் ஒழிந்து நிற்றல் எளியதா? தனித்து விடப்பட்டவரை உயிர் தாங்கச் செய்வது எது? இவ்வினாக்களை முன்னிறுத்தி ஆய் அண்டிரன், கோப்பெருஞ்சோழன், பாரி, அதியமான் நெடுமான் அஞ்சி ஆகியோர் மறைவையொட்டிய பாடல்களையும், வாழ்க்கைத்துணையை இழந்தோர் பற்றிய பாடல்களையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஆய் நாட்டுப் புலவர்

கேரளத்தின் நெய்யாற்றின்கரை, அதியன்னூர், பாறசாலை ஆகிய எல்லைப்புற ஊர்கள் அமைந்த நிலப்பகுதி பழைய ஆய் நாட்டைச் சார்ந்தது. ஆயின் மலையாகிய பொதியில் இன்றைய அகத்தியர் மலையெனக் கொள்ளப்படுகின்றது. நெய்யாறு அம்மலையில் தோன்றி இவ்வூர்ப்புறங்களின் வழியே கடலை அடைகின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி, குமரிமுனையை உள்ளடக்கிய பகுதியை ஆய் நாடு எனக் குறித்துள்ளார். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் கல்விச்சாலையும் நிறுவிய செய்தியைச் செப்பேடு தருகின்றது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் விளவங்கோடு முதலிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் புறநானூற்றின் ஆய் அண்டிரன் பாடல்கள் எல்லையின் இருபுறத்திற்கும் பொதுவான பழஞ்செல்வமாகும். அதியன்னூர் என்னும் பெயரின் முற்பகுதியைக் கொண்டு அதனைத் தகடூர் அதியமானோடு தொடர்புபடுத்துவதற்கு ஒலியொப்புமையன்றிச் சான்றில்லை. இந்நிலத்திற்குரிய கையறுநிலை ஆய் அண்டிரனைப் பற்றியதே.

அண்டிரன் மறைவைப் பற்றி இரு பாடல்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடல் (புறம். 241), அவன் வருகையை எதிர்நோக்கி இந்திரன் கோயிலில் முரசு முழங்குவதாகக் கூறுகின்றது. குட்டுவன் கீரனார் பாடலோ (புறம். 240) மண்ணில் நிற்கின்றது. பரியும் களிறும் தேரும் நாடும் ஊரும் குறையாது வழங்கியவன் தன் மகளிரொடு மேலுலகம் அடைந்தான் என்பதை அது ஒரு செய்தியாகக் கூறிவிட்டு, கள்ளி படர்ந்த சுடுகாட்டில் கூகை குழற அவன் உடம்பு எரியில் மாய்ந்ததைக் காட்டுகின்றது. அதன் பின் பாடலின் நோக்கு முற்றும் திரும்புகின்றது. புரவலனைக் காணாத புலவர், ஒளி மழுங்கிய கண்ணினராய், அரற்றும் சுற்றத்தோடு, பசியால் வாடிப் பிறர் நாடுகளுக்கு நடக்கலாயினர் என்பதே இறுதிக் காட்சி.

மேலுலகின் முரசொலியும் கீழுலகின் பசியும் அடுத்தடுத்து நிற்பது தொகுப்பின் அமைப்பால் விளைந்த முரண். கீரனார் பாடலில் உடன் மாண்ட மகளிர்க்கு ஒரு தொடரே கிடைக்கின்றது. எஞ்சிய புலவர்க்குப் பாடலின் முடிவு முழுதும் கிடைக்கின்றது. அவர்களை நடக்கச் செய்வது உயர்ந்த கொள்கையன்று, பசி. அதுவும் தம் பசி மட்டுமன்று, உடன் வரும் சுற்றத்தின் பசி. உயிர் தாங்கலின் மிகத் தாழ்ந்த படியும் மிக உறுதியான படியும் இதுவே. தம்மை நம்பி நிற்கும் சிலர் இருப்பதனால் அவர்கள் நிற்கவில்லை, நடக்கின்றனர்.

பொத்தியார்: தவணை பெற்ற உயிர்

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது உடனிருக்க விழைந்தோர் பலர். காணாமலே நட்புக் கொண்ட பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். திருக்குறளின் 785ஆம் பாவிற்கு உரை கண்ட பரிமேலழகர் இந்நட்பையே சான்றாக்கினார். அவ்வருகையை வியந்து பாடிய பொத்தியார் (புறம். 217), அரசனோடு நாள்தோறும் பழகியவர், எனினும் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். மகன் பிறந்த பின் வருக என அரசன் திருப்பி அனுப்பினான். இச்செய்தி பாடலடிக் குறிப்பில் மட்டும் நிற்பதன்று, பொத்தியாரின் பாடலிலேயே (புறம். 222) உள்ளது. பிற்காலத்தார் சேர்த்த குறிப்புகளின் நம்பகத்தன்மையை ஐயுறுவோரும் இதனை ஏற்றல் வேண்டும்.

திரும்பி வந்த பொத்தியார் உறையூரின் வெறுமையைக் கண்டு பாடியது புறம். 220. பல்லாண்டு சோறூட்டிப் பேணிய பெருங்களிற்றை இழந்த பாகன், அது கட்டுண்டிருந்த கூடத்தில் வெறுந்தூணைக் கண்டு கலங்குவது போல் தாம் அழுததாக அவர் கூறுகின்றார். இவ்வுவமையில் ஒரு தலைமாற்றம் உண்டு. புலவரைப் பேணியவன் அரசன். உவமையிலோ பேணியவன் பாகன், பேணப்பட்டது களிறு. புரவலனைத் தன் பொறுப்பில் இருந்த உயிராகக் காணும் உரிமையை நட்பு புலவர்க்கு அளித்துள்ளது. இங்கு இழந்தது பிழைப்பையன்று, தம் பேணுதலுக்கு உரிய உயிரை. களிறு போன பின்னும் பாகனின் கைகள் அத்தொழிலை மறப்பதில்லை. கையறுதல் என்னும் சொல்லின் பொருள் இவ்வுவமையில் முழுமை பெறுகின்றது.

நடுகல்லைக் கண்ட பொத்தியார், அவனைக் கல்லாக்கிய கூற்றுவனை வைவதற்குத் துயருற்ற புலவரையெல்லாம் உடன் அழைக்கின்றார் (புறம். 221). தனித்து நிற்பவர் துயரத்தில் துணை தேடுவதும் உயிர் தாங்கலின் ஒரு கூறே. பின்னர், மகன் பிறந்தபின் வந்து, தமக்குரிய இடம் எதுவென நடுகல்லிடம் வினவுகின்றார் (புறம். 222). அப்போது அரசனை அன்பில்லாதவன் என்றே விளிக்கின்றார். உயிர் காத்த செயல் அன்பின்மையாகத் தோன்றுகின்றது. வாழுமாறு பணித்தல், பணிக்கப்பட்டவர் பார்வையில் கைவிடுதலுக்கு நிகராவதை இவ்விளி புலப்படுத்துகின்றது. அரசன் கல்லாகியும் இடம் தந்தான் என்னும் அமைதி புறம். 223இல்தான் பிறக்கின்றது.

பிசிராந்தையார்க்கு நட்பு ஒரு முடிவாக அமைந்தது. பொத்தியார்க்கோ ஒரு காலமாக நீண்டது. வெறுமையான ஊரில் மகன் பிறக்கும் நாளை எதிர்பார்த்து, சாவை ஒத்திவைத்து வாழ்ந்த காலம் அது. அரசன் தன் ஏவலால் நண்பனை விலக்கவில்லை. பிறக்க இருக்கும் ஒருவனோடு அவரைப் பிணைத்தான். இந்நட்பின் அருமை உடன் இருத்தலில் இல்லை, ஏற்றுக்கொண்ட சொல்லைத் தாங்கியதில் உள்ளது.

கபிலர்: ஒப்படைக்கப்பட்ட கடன்

கபிலர்க்கும் பாரிக்கும் இடையிலும் இதே அமைப்பைக் காணலாம். பாரியை நோக்கிய தம் இறுதிப் பாடலில் (புறம். 236), உடன் வருவதைத் தடுத்து ஒழிந்திருக்குமாறு கூறியது நட்பிற்குப் பொருந்தவில்லை எனக் கபிலர் குறை கூறுகின்றார். மறுபிறப்பிலேனும் பிரியாதிருக்க ஊழ் கூட்டுவிக்க வேண்டும் என வேண்டுகின்றார். சோழனும் பாரியும் நண்பரை வாழப் பணித்தனர். பொத்தியாரும் கபிலரும் அதனைப் பிணக்காகப் பாடினர். வெவ்வேறு நாட்டினரான இருவர் பாடல்களிலும் ஒரே மனநிலை பதிவாகியிருப்பது தற்செயலெனத் தோன்றவில்லை.

கபிலரை உயிரோடு நிறுத்தியது பாரி மகளிர் மீதான கடன். பறம்பை நீங்குகையில் மதுவும் ஊனும் நிறைந்திருந்த பழைய நாளை நினைந்து, கண்ணீரோடு மலையை வாழ்த்தி, மகளிர்க்குரிய கணவரைத் தேடிச் செல்வதாக அவர் கூறுகின்றார் (புறம். 113). அடுத்த பாடலில், இங்கிருந்தும் தெரிகின்றது, சற்றுத் தொலைவு சென்று நின்றாலும் தெரிகின்றது என அம்மலையைத் திரும்பத் திரும்ப நோக்குகின்றார் (புறம். 114). கால்கள் முன்னே செல்கின்றன. கண்கள் பின்னே நிற்கின்றன. துயரத்தையும் கடனையும் ஒருங்கே சுமப்பவரின் நடை இதுவே.

இக்கடன் எளிதில் தீரவில்லை. விச்சிக்கோனும் இருங்கோவேளும் மகளிரை ஏற்கவில்லை. இருங்கோவேளின் மறுப்பிற்குக் கபிலர் அளித்த மறுமொழி (புறம். 202), புலவரை இகழ்ந்த முன்னோனால் அரையம் அழிந்த வரலாற்றை நினைவூட்டும் கடுமை உடையது. கையற்றவர் எனினும் அவர் தாழ்ந்து நிற்கவில்லை. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் (பதிற். 61), பாரி மீளா உலகம் சென்றான், ஆதலின் என்னைக் காப்பாயாக என இரந்து வரவில்லை எனச் சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனிடமே அவர் கூறுகின்றார். இழப்பை இரத்தற்குரிய காரணமாக்க மறுக்கும் இம்மான உணர்வும் அவரைத் தாங்கிய ஒன்றாகும்.

மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்தபின் அவர் வடக்கிருந்தார் எனப் புறநானூற்றுக் குறிப்பு கூறுகின்றது. முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டோ, பாரி மகளை மலையர்க்கு அளித்துக் கபிலர் தீப்புகுந்ததாகக் கூறுகின்றது. இரு மரபுகளும் முறையில் வேறுபடுகின்றன, வரிசையில் வேறுபடவில்லை. கடன் முடிந்த பின்னரே உயிர் முடிகின்றது. கபிலர் வாழ்வில் பற்று மிகுந்து வாழ்ந்தார் எனக் கூறுவது மிகையாகும். ஆயின் அக்கடன் நின்ற இடைவெளியே பறம்பை நோக்கிய பாடல்களை அளித்தது. பாரியோடு கபிலரும் மாண்டிருந்தால் பறம்பின் அழிவிற்குச் சான்று கூற அக்குரல் இருந்திராது.

கொல்லாத துயரம்

ஒப்படைக்கப்பட்ட கடன் ஏதுமின்றி எஞ்சி நிற்பவரின் குரலைச் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையின் பாடல் (புறம். 245) அளிக்கின்றது. மனைவியைக் கள்ளி நிறைந்த களர்நிலத்தில் ஈமத்தீயில் கிடத்தி மீண்ட அரசன், என் துயரம் பெரிதாயினும் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும், அதற்கு என் உயிரைக் கொல்லும் ஆற்றல் இல்லையே எனக் கூறுகின்றான். தான் இன்னும் உயிரோடிருப்பதன் தன்மை யாது என வினவி முடிக்கின்றான்.

இப்பாடலில் மறுமை பற்றிய நம்பிக்கை இல்லை, கூற்றுவன் மீது சினம் இல்லை, துறவு இல்லை. தன் உயிர் தன்னைக் கேளாமலே தொடர்வதைக் கண்ட நாணமும் வியப்புமே உள்ளன. அன்பின் அளவு சாவால் அளக்கப்படும் மரபில் நின்று, அவ்வளவையால் தன்னை அளந்து, தான் குறைவுபட்டதாக அரசன் உணர்கின்றான். ஆயினும் விடை காணாத வினாவோடு பாடல் நின்றுவிடுவது அவ்வளவையையே ஐயத்திற்கு உள்ளாக்குகின்றது. துயரம் கொல்லவில்லை என்பது அன்பின் குறையா, உயிரின் இயல்பா என்பதை அவன் தீர்த்துக் கூறவில்லை.

மெசபொத்தேமியக் கில்காமேசு காவியத்தில், தோழன் என்கிடுவை இழந்த தலைவன் தன் சாவை அஞ்சி இறவாமையைத் தேடி அலைகின்றான். அங்குத் துணைவனின் சாவு தன் சாவை நினைவூட்டுகின்றது. மாக்கோதைக்கோ துணைவியின் சாவு தன் உயிரைப் புதிராக்குகின்றது. அங்கு வினா எவ்வாறு சாகாதிருப்பது என்பது. இங்கு வினா எவ்வாறு இன்னும் சாகாதிருக்கின்றேன் என்பது. கையறுநிலையின் தனித்தன்மை இவ்வேறுபாட்டில் விளங்குகின்றது.

செல்லாதே எனத் தடுத்தல்

இதுவரை கண்ட கருத்திற்கு மாறாக நிற்பது பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டின் பாடல் (புறம். 246). தீப்பாயச் சென்ற அவளைச் சான்றோர் தடுத்தனர். அவர்களது சூழ்ச்சி தீயது எனக் கடிந்து, தாமரைப் பொய்கையும் தீயும் தனக்கு ஒன்றே என அவள் கூறுகின்றாள். இப்பாடல் கற்பின் உயர்நிலைக்குச் சான்றாகப் பலகாலும் எடுத்தாளப்பெற்றுள்ளது. ஆயின் அவள் மறுப்பது எதனை என்பது போதிய அளவு கருதப்படவில்லை. நெய் தீண்டாத சோற்றுப் பிண்டம், எள்துவையல், புளி சேர்த்து வெந்த வேளைக்கீரை, பாயின்றிப் பரற்கற்கள் மேல் படுக்கை என அவள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகின்றாள். அவள் மறுப்பது வாழ்வையன்று. கைம்மைக்கு ஊர் வகுத்த வாழ்வை.

அவள் மறுத்த அவ்வாழ்வை வாழ்ந்தவரை ஒக்கூர் மாசாத்தனார் பாடல் (புறம். 248) காட்டுகின்றது. இளமையில் தழையுடையாக உதவிய வெள்ளாம்பல், கணவன் மாய்ந்தபின் வேளை தவறி உண்ணும் அல்லியரிசியாகிவிட்டது. தும்பிசேர் கீரனார் பாடலில் (புறம். 249), கணவனுக்குப் படைப்பதற்காக முறம் அளவான சிறிய இடத்தைக் கண்ணீரே நீராகச் சாணத்தால் மெழுகுகின்றாள் ஒருத்தி. நாடு உடையவனின் மனைவி வாழ்ந்த உலகம் ஒரு முறத்தளவாகச் சுருங்கியது. எனினும் அவ்விடத்தை அவள் மெழுகுகின்றாள். அச்சிறு செயலை அவள் கைகள் விடவில்லை.

பொத்தியாரையும் பெருங்கோப்பெண்டையும் ஒப்பிடுதல் பயனுடையது. இருவரையும் சாகாதே எனப் பிறர் தடுத்தனர். ஒருவர் ஏற்றார், மற்றவர் மறுத்தார். பாலியல் வேறுபாடும் கற்பு பற்றிய கருத்தும் இதற்குக் காரணங்களே. பாடல்களுக்குள்ளேயே மற்றொரு காரணமும் உண்டு. சோழன் பொத்தியார்க்குத் தடையோடு ஒரு மகனையும் தந்தான். சான்றோர் பெருங்கோப்பெண்டிற்குத் தடையைத் தந்தனர். அத்தடைக்கு அப்பால் அவள் கண்டது வேளைக்கீரையும் பரற்படுக்கையுமே. வாழ்க எனப் பணித்தல் ஒருவரை வாழச் செய்யாது. எதனோடு, யாருக்காக வாழ்வது என்னும் பிணைப்பே வாழச் செய்யும். அப்பிணைப்பை வழங்காத சமுதாயம் தடுத்ததாகக் கூறிக்கொள்ளலாமேயன்றிக் காத்ததாகக் கூறிக்கொள்ள இயலாது. உடன் மாண்டாரைப் போற்றும் திறனாய்வு, அவர்க்கு மறுக்கப்பட்ட வாழ்வை வினவாது விடுவது முறையன்று.

ஔவையார்: சொல்லின் துணை

அதியமான் மறைந்தபோது ஔவையார்க்கு ஒப்படைக்கப்பட்ட கடன் ஏதும் பாடல்களில் இல்லை. காலையும் மாலையும் இல்லாது போகட்டும், தாம் வாழும் நாளும் இல்லாது போகட்டும் என அவர் வெறுக்கின்றார் (புறம். 232). மலையுடைய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் நடுகல்லில் சிறுகலத்து நறவைக் கொள்வானோ என வினவுகின்றார். இந்நிலையிலிருந்து புறம். 235 வேறுபடுகின்றது. அவன் மார்பைத் துளைத்த வேல், பாணர் உண்கலத்தையும் இரப்போர் கையையும் புலவர் நாவையும் துளைத்துச் சென்றதாக அவர் கூறுகையில், தம் துயரம் ஊரின் துயரமாக விரிகின்றது. சூடுவாரின்றி மலர்ந்து கழியும் பகன்றை மலரைப் போலப் பிறர்க்கு ஒன்றும் வழங்காது மாயும் உயிர்கள் மிகப் பல என்னும் கருத்தோடு பாடல் முடிகின்றது.

இம்முடிவு இரங்கலுக்குள் ஓர் அளவுகோலை வைக்கின்றது. உயிர் வீணாவது சாவினால் அன்று, பிறர்க்குப் பயன்படாமையால். அவ்வளவுகோல் மாண்டவனைப் புகழ்வதற்காகக் கூறப்பட்டதாயினும், எஞ்சியவரையும் அது நோக்குகின்றது. துளைக்கப்பட்ட புலவர் நாக்களில் ஔவையாரின் நாவும் ஒன்று. ஆயினும் அந்நாவே பாடுகின்றது. பொத்தியார்க்கு மகனும், கபிலர்க்குப் பாரி மகளிரும், ஆய் நாட்டுப் புலவர்க்குச் சுற்றமும் பிணைப்பாயின. ஔவையார்க்கு, இழந்தோர் அனைவர் சார்பிலும் பேசும் சொல்லே பிணைப்பாயிற்று.

முடிவுரை

கையறுநிலைப் பாடல்கள் சாவின் விழைவை மட்டும் கூறுவன அல்ல. சாவை விழைந்தும் உயிர் தாங்கியோரின் நிலையைப் பல படிகளில் அவை பதிவு செய்துள்ளன. ஆய் அண்டிரனை இழந்த புலவரைச் சுற்றத்தின் பசி நடத்தியது. பொத்தியாரையும் கபிலரையும் மாண்டவர் விட்டுச் சென்ற பொறுப்பு நிறுத்தியது. மாக்கோதை காரணம் அறியாமலே எஞ்சி, அவ்வறியாமையையே பாடலாக்கினான். ஔவையார் தம் துயரத்தைப் பொதுத்துயரமாக விரித்தார். பெருங்கோப்பெண்டின் மறுப்பு, பிணைப்பில்லாத வாழ்வு எத்தகையது என்பதை எதிர்நிலையில் நின்று உணர்த்துகின்றது.

உயிர் வாழும் விருப்பு இப்பாடல்களில் தன்மீது கொண்ட பற்றாக எங்கும் தோன்றவில்லை; பிறர் ஒருவர்க்குக் கடன்பட்டிருத்தலாகவே தோன்றுகின்றது. பொத்தியார்க்கும் கபிலர்க்கும் அக்கடன் ஒரு தவணைக்கு உட்பட்டது; அது தீர்ந்தபின் அவர்கள் நண்பனிடம் இடம் கேட்டனர். இவ்வரம்பை மறைத்து இப்பாடல்களை வாழ்வின் வெற்றிப் பாடல்களாக்குவது பொருந்தாது. எனினும் தவணையாகக் கிடைத்த அக்காலத்தில் ஒரு மகன் பிறந்தான், இரு மகளிர் காக்கப்பட்டனர், இப்பாடல்கள் பிறந்தன. உடன் மாண்டோரின் பெருமையையும் நாம் அறிவது ஒழிந்தோர் உயிரோடிருந்து பாடியதனாலேயே ஆகும்.